கூடை தொட்டியை உரசுதான்னு பாரு

போன தை மாதம் ஊரில் ஒரு காதுகுத்து. பந்தி முடிந்து எல்லோரும் பந்தல் நிழலில் உட்கார்ந்திருந்தோம். பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, போனில் குனிந்திருந்த பிள்ளைகளைப் பார்த்து ஆரம்பித்தார். "நாமெல்லாம் இந்த வயசுல காட்டுவேலை செஞ்சு வளந்தோம். அதான் இன்னைக்கு எது வந்தாலும் தாங்கறோம். இதுங்களால ஒரு மூட்டை கெழங்கு தூக்க முடியுமா?" பெரியவர்கள் அத்தனை பேரும் ஆமாம் போட்டார்கள். நல்ல மனிதர் அவர், உழைத்து முன்னுக்கு வந்தவர், அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. ஆனால் அந்தப் பேச்சு எனக்கு இறங்கவே இல்லை. அவருடைய கூடப்பிறந்த தம்பியும் அதே காட்டில், அதே வெயிலில், அதே மூட்டையைத் தூக்கித்தான் வளர்ந்தார். கிணறு வற்றி, கடன் ஏறி, குடியில் விழுந்து, அவர் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. அவரை அந்தக் காட்டுவேலை ஏன் தாங்கிப் பிடிக்கவில்லை?

சேலத்துக்குத் திரும்பி வந்த பிறகும் இதே யோசனை. கிராமத்தில் வளர்ந்ததுதான் என்னை ஆளாக்கியது என்று நானும் பல இடங்களில் சொல்லியிருக்கிறேன், இன்றும் நம்புகிறேன். ஆனால் அதில் எது ஆளாக்கியது? வேலையா, வெயிலா, வீட்டில் இருந்த முடையா, மண்ணா? எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டி அதற்குக் கிராமத்து வளர்ப்பு என்று பெயர் வைத்துவிடுகிறோம். அந்தச் சாக்கைக் கொஞ்சம் அவிழ்த்துக் கொட்டிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

தலை எது, கால் எது

எங்கள் ஊர் வாழப்பாடி தாண்டி, ஏத்தாப்பூர் பக்கம். மேட்டாங்காடு, கிணற்றுப் பாசனம், ஓரமாகக் கொஞ்சம் பாக்குமரம், மீதியெல்லாம் மரவள்ளி. சேலத்துக்காரர்களுக்கு மரவள்ளி பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. குச்சி நடும் காலத்தில் பிள்ளைகளுக்கு ஒரு வேலை உண்டு. போன வெள்ளாமையில் வெட்டி நிழலில் நிறுத்தி வைத்த குச்சிகளைப் பெரியவர்கள் ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கிப் போடுவார்கள். நறுக்கின துண்டில் தலை எது கால் எது என்று பார்த்தவுடன் தெரியாது. இலை உதிர்ந்த இடத்தில் சின்னத் தழும்பு மேடாக நிற்கும், அதற்குச் சற்று மேலே மொட்டு. கட்டைவிரலால் தடவிப் பார்த்து, மொட்டு வானம் பார்க்கும்படி திருப்பி நடுகிறவர் கையில் கொடுக்க வேண்டும். மாற்றிக் கொடுத்தால் அன்றைக்கு யாருக்கும் தெரியாது. நாள் போனதும் வரிசையில் அந்த இடம் மட்டும் பிந்தி, சோனியாக முளைக்கும், யார் குச்சி எடுத்துக் கொடுத்த வரிசை என்று அம்மாவுக்கு ஞாபகம் இருக்கும்.

மண் பாடம் சொல்லும் என்று பேசுகிறவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள் என்று நினைக்கிறேன். சொல்லும்தான். கைக்கு நிதானம் வரும், சாக்குப்போக்கு சொல்லித் தப்ப முடியாத வேலைகளும் உலகத்தில் உண்டு என்று சின்ன வயதிலேயே புரியும். ஆனால் இந்தப் பாடம் எங்கள் காட்டுக்குக் கூலிக்கு வந்த பிள்ளைகளுக்கும் கிடைத்தது. சொல்லப்போனால் என்னைவிட அதிகமாகவே கிடைத்தது. நான் லீவு நாளில் மட்டும் செய்ததை அவர்கள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுச் செய்தார்கள். வேலை மட்டுமே குணத்தைக் கொடுக்கும் என்றால் ஊரில் அவர்கள்தான் முதலில் நிமிர்ந்திருக்க வேண்டும். கைகட்டி நிற்கத்தான் பழகினார்கள்.

பாயிண்ட்

என்னை மாற்றியது என்று நான் ஒரு நாளைச் சொல்ல வேண்டுமென்றால் அது காட்டில் நடந்ததே இல்லை, மரவள்ளிக் கிழங்கை ஜவ்வரிசியாக்கும் சேகோ பேக்டரியில் நடந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம், அரையாண்டு லீவு. என் கூடப்பிறந்த அண்ணனுக்குக் காய்ச்சல் என்பதால் கிழங்கு லோடோடு அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். இல்லாவிட்டால் பொட்டப்பிள்ளையைப் பேக்டரிக்குக் கூட்டிப் போகும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

கிழங்குக்கு விலை எடைக்கு மட்டும் கிடையாது, அதில் எவ்வளவு மாவு இருக்கிறது என்பதற்குத்தான். அதைத்தான் பாயிண்ட் என்பார்கள். லோடிலிருந்து கொஞ்சம் கிழங்கை எடுத்து, மண் போகக் கழுவி, கூடையில் போட்டு எடை நிறுத்துவார்கள். பிறகு அதே கூடையைத் தண்ணீர்த் தொட்டிக்குள் முழுக்க இறக்கி, தண்ணீருக்குள் தொங்கும்போது எவ்வளவு காட்டுகிறது என்று பார்ப்பார்கள். மாவு நிறைந்த கிழங்கு தண்ணீருக்குள்ளும் கனமாக நிற்கும், சப்பைக் கிழங்கு லேசாகிவிடும். அந்தக் கணக்கில் 25 பாயிண்ட், 28 பாயிண்ட் என்று சொல்லி, அதை அன்றைய விலையோடு பெருக்கிப் பணம் கொடுப்பார்கள். ஒரு பாயிண்ட் குறைந்தால் லோடு முழுக்கவும் விலை குறையும். இதில் வியாபாரிக்கு ஒரு வசதி இருக்கிறது. பிடுங்கின கிழங்கு இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது, உள்ளே நீலமும் கறுப்புமாகக் கோடு ஓடிவிடும். விலை சரியில்லை என்று நெல் மாதிரி வீட்டுக்குத் திருப்பிக்கொண்டு வந்து அடுக்கிவைக்க முடியாது. கேட்டில் நுழைந்த டிராக்டர் அநேகமாக அங்கேயே இறக்கிவிட்டுத்தான் வெளியே வரும், இது இரண்டு பக்கமும் தெரிந்த விஷயம். விவசாயியின் குரல் அந்தத் தொட்டிப் பக்கத்தில் எப்போதும் சன்னமாகத்தான் இருக்கும்.

டிராக்டரை விட்டு இறங்குவதற்கு முன்னால் அப்பா என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார். "நான் தராசு முள்ளைப் பாத்துக்கறேன் கண்ணு. நீ கூடை தொட்டியை உரசுதான்னு மட்டும் பாரு." ஏன் என்று கேட்டேன். கூடை தொட்டிச் சுவரில் சாய்ந்தால் பாதிக் கனத்தைச் சுவர் தாங்கிக்கொள்ளும், தராசு குறைத்துக் காட்டும் என்று தன் விரல்களைச் சட்டையில் உரசிக் காட்டி விளக்கினார். அவ்வளவுதான் பாடம்.

நான் தொட்டி ஓரத்தில் குந்திப் பார்த்தேன். தண்ணீர் கலங்கலாக இருந்தது, மேலே நுரை. கூடை இறங்கியது. முதலில் எதுவும் தெரியவில்லை. பிறகு கூடையின் விளிம்பை ஒட்டி இருந்த நுரை ஒரு பக்கம் மட்டும் நகராமல் நின்றதைக் கவனித்தேன். மற்ற பக்கமெல்லாம் கூடை ஆட ஆட நுரையும் ஆடியது. அந்தப் பக்கம் கூடை சுவரில் ஒட்டி நின்றது. எடை போடுகிறவர் பாயிண்டைச் சொல்லிவிட்டார், சீட்டும் எழுத ஆரம்பித்தார். என் தொண்டை அடைத்தது. சுற்றிலும் பெரிய ஆட்கள், எல்லாரும் ஆம்பளைகள். "அப்பா, உரசுது" என்றேன், பாதிதான் வெளியே வந்தது.

அப்பா தொட்டியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். பிறகு அந்த ஆளிடம் திரும்பி, சண்டை இல்லாத குரலில், "புள்ளை உரசுதுன்னு சொல்லுது. இன்னொருக்கா போடுங்க" என்றார். அந்த ஆள் சிரித்தார், புள்ளைக்கு என்னங்க தெரியும் என்றார். அப்பா மறுபடியும் அதையே சொன்னார், ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. பின்னால் இன்னொரு லோடு காத்திருந்தது, அந்த விவசாயியும் இறங்கி வந்து தொட்டியைப் பார்த்தார். கூடையைத் தூக்கி நடுவில் விட்டுத் திரும்பப் போட்டார்கள். பாயிண்ட் கூடியது. பெரிய தொகை வந்துவிடவில்லை, உரக்கடைப் பாக்கியில் கொஞ்சம் அடைந்தது.

எனக்கு அதற்கப்புறம் நடந்ததுதான் முக்கியம். திரும்பி வரும் வழியில் காலி டிராக்டரில் உட்கார்ந்துகொண்டு அப்பா கேட்டார், "வேறென்ன பாத்தே அங்க?" சும்மா கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் பார்த்ததையெல்லாம் சொன்னேன். கிழங்குப் பால் ஓடும் வாய்க்கால், மாவு படியும் தொட்டி, சிமெண்டுக் களத்தில் காய்ந்த ஜவ்வரிசி, மாதிரிக் கிழங்கை லோடின் மேலிருந்தே எடுத்தது, அடியிலிருந்து ஒன்றுகூட எடுக்காதது. கடைசியாகச் சொன்னதை அவர் பிடித்துக்கொண்டார். அடுத்த லோடுக்கு அடியிலிருந்தும் எடுக்கச் சொல்லி அவர் கேட்டதாக அண்ணன் பிறகு சொன்னான். என் கண் பார்த்த ஒரு விஷயம் பெரியவர் ஒருவருடைய அடுத்த காரியத்தை மாற்றியது. இன்று அலுவலகத்தில் பத்துப் பேர் ஆமாம் சொல்லும் இடத்தில் எனக்கு வேறாகப்பட்டால் வாய் திறக்க முடிகிறதென்றால், அந்தத் தைரியம் அந்த டிராக்டரில் வந்தது.

கிழங்குத் தோலைப் பார்த்துச் சொன்னவள்

அன்று பேக்டரிக்குள் இன்னொன்றும் பார்த்தேன், அதை அப்பாவிடம் சொல்லவில்லை. தோல் உரிக்கும் கொட்டகையில் பெண்கள் வரிசையாகக் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் என் வகுப்பில் படித்தவள், அவள் அம்மாவுக்குப் பக்கத்தில். கத்தியை ஒரு கீறு கீறி, திருப்பி, ஒரே இழுப்பில் தோலைக் கழற்றிப் போட்டாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். கையில் இருந்த கிழங்கைக் காட்டி, "இது உங்குளுதா? நேத்துப் புடுங்குனதுதான?" என்றாள். எப்படித் தெரியும் என்றேன். நேற்றுப் பிடுங்கினதில் தோல் தானாகக் கழன்று வருமாம், முந்தாநாள் கிழங்கென்றால் பிடித்துக்கொள்ளுமாம். ஒரு மாதத்துக்குள் அவள் கைக்குத் தெரிந்த விஷயம் அது. அந்த லீவு முடிந்து பள்ளி திறந்தபோது அவள் வரவில்லை, பிறகும் வரவில்லை.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே வயது, ஒரே கிழங்கு, ஒரே பேக்டரி. அவள் என்னைவிடக் கைவேலைக்காரி. கிழங்கைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அவளிடம் அங்கே யாரும் என்ன பார்த்தாய் என்று கேட்கவில்லை. எத்தனை கிலோ உரித்தாய் என்றுதான் கேட்டார்கள். அப்பாவால் என் பேச்சைக் கேட்டு நின்று பேச முடிந்ததற்குக் காரணம்கூட எங்களுக்கென்று இருந்த அந்தக் கொஞ்சம் நிலம்தான். அவள் அம்மா எடைக்காரரிடம் "எம்புள்ளை சொல்லுது, இன்னொருக்கா பாருங்க" என்று சொல்லியிருந்தால் மறுநாள் வேலை இருந்திருக்காது. கிராமத்துப் பிள்ளைப் பருவத்தைப் புகழ்ந்து எழுதுகிறவர்களில் அநேகம் பேர் நிலம் இருந்த வீட்டுப் பிள்ளைகள் என்பது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இதை நினைக்கும்போதெல்லாம் ராஜாஜி ஞாபகம் வருகிறார். எங்கள் சேலத்தில் வக்கீலாக இருந்தவர், 1917இல் நகராட்சித் தலைவராக இருந்தவர். அவர் முதலமைச்சராக இருந்த 1953இல் கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் பாதி நேரம் பாடம், மீதி நேரம் அப்பன் தொழிலைப் பழகுவது என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வி என்று பெரியாரும் மற்றவர்களும் அதை எதிர்த்தார்கள், 1954இல் காமராஜர் வந்ததும் எடுத்துவிட்டார். கைவேலை பிள்ளைக்கு நல்லது என்ற எண்ணத்தில் ஒரு தப்பும் இல்லை, காந்தியும் அதைத்தான் சொன்னார். ஆனால் செருப்புத் தைக்கிறவர் பிள்ளையும் பண்ணையாள் பிள்ளையும் மத்தியானம் வீட்டுக்குப் போய் எதைப் பழகும்? தொழிலோடு சேர்த்து அப்பன் யார் முன்னால் எப்படிக் குனிகிறான் என்பதையும் பழகும். திட்டம் போனது நல்லதுக்குத்தான். எங்கள் தாத்தா காமராஜர் கட்சி, அதனால் எங்கள் வீட்டில் இதில் சண்டை இல்லை. இன்றைய சட்டமும் 14 வயதுக்குக் கீழே எந்த வேலையிலும் பிள்ளைகளை வைக்கக் கூடாது என்றுதான் சொல்கிறது. 2016இல் திருத்தியபோது பள்ளி நேரம் போக, லீவு நாளில் குடும்பத் தொழிலுக்கு ஒத்தாசை செய்யலாம் என்று ஒரு வாசல் வைத்தார்கள். அந்த வாசல் வழியாக என்னைப் போன்ற பிள்ளையும் வரலாம், அவளைப் போன்ற பிள்ளையும் உள்ளே தள்ளப்படலாம். எனக்கு அதில் பயம் உண்டு.

ஒண்ணும் ஆகாது பாப்பா

சரி, இப்போது பிள்ளைகளை என்ன செய்வது? ஊரில் பலருக்கும் இந்த ஏக்கம் இருப்பதால் அதற்கென்று இடங்கள் வந்துவிட்டன. மகள் சின்னவளாக இருந்தபோது டிசம்பரில் ஏற்காட்டில் ஒரு எஸ்டேட்டுக்குப் பள்ளியிலிருந்து கூட்டிப் போனார்கள், நானும் கூடப் போனேன். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்த காப்பியை, சில்வர் ஓக் நிழலில், மிளகுக் கொடிகளுக்கு நடுவில், பிள்ளைகள் சின்னக் கூடை மாட்டிக்கொண்டு பறித்தார்கள். சிவந்ததை மட்டும் பறிக்கச் சொன்னார்கள். என் மகள் பச்சையையும் சேர்த்து உருவிவிட்டு, பச்சை பறிச்சா என்ன ஆகும் என்று கூட்டி வந்த பையனிடம் கேட்டாள். "ஒண்ணும் ஆகாது பாப்பா" என்றார் அவர், அன்பாகத்தான். பக்கத்து வரிசையில் பறித்துக்கொண்டிருந்த மலைக்காரம்மா திரும்பிப் பார்த்து, "ஏன் ஆகாது? பச்சை கலந்தா எங்களுக்கு எடையில கழிப்பாங்க கண்ணு, காப்பியும் துவர்க்கும்" என்றார். மகள் அதற்குப் பிறகு அந்த அம்மா பின்னாலேயே போனாள். எங்களைப் படம் எடுக்க அழைத்தபோதுகூட வரவில்லை.

கெடுதல் இல்லை, பிள்ளைகளுக்கு மலைக்காற்றாவது கிடைக்கிறது. ஆனால் பிள்ளை செய்கிற வேலையால் ஒன்றும் ஆகாது என்றால் அதில் பிள்ளைக்கு இடமும் இல்லை.

2020இல் பள்ளிகள் மூடியபோது அவளை ஊரில் விட்டேன். அந்த வருஷம்தான் மரவள்ளியில் புது மாவுப்பூச்சி வந்தது. நுனிக் குருத்து சுருண்டு, கணுக்கள் நெருங்கி, செடி கொத்தாகக் குறுகிப் போய்விடும். அப்பாவுக்கு அப்போதே கண் மங்கல். "சாமி, நீ வரிசை வரிசையாப் போயி எந்தச் செடியில உச்சி சுருண்டிருக்குன்னு தாத்தாவுக்குச் சொல்லு" என்று அவளிடம் விட்டுவிட்டார். அவள் நோட்டுப் போட்டு எழுதினாள். கிணற்று மேட்டுப் பக்கம் அதிகம், வாய்க்கால் ஓரம் குறைவு. உச்சியை மட்டும் கிள்ளி எரித்தால் போதும் என்பது அவள் கட்சி, செடியையே எடுக்க வேண்டும் என்பது அவர் கட்சி, நாலு நாள் வீட்டில் இதே பேச்சு. கடைசியில் முற்றினதைப் பிடுங்கி எரித்தார்கள், லேசாக இருந்ததைக் கிள்ளினார்கள், அந்தப் பக்கத்துக் குச்சியை மறு வருஷ நடவுக்கு எடுப்பதில்லை என்று முடிவானது, பூச்சி குச்சியோடு பயணம் போகும் என்பதால். 2022 மார்ச்சில் எங்கள் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து கொண்டுவந்த ஒரு குட்டிக் குளவியை விட்டார்கள், அந்த மாவுப்பூச்சியின் உடம்பிலேயே முட்டை வைத்து அதை அழிக்கும் குளவி. 1980களில் ஆப்பிரிக்காவின் மரவள்ளியைக் காப்பாற்றியதும் அதுதான். மகள் அதன் பெயரை, அனாகைரஸ் லோபசி என்று, தாத்தாவுக்கு மனப்பாடம் பண்ணிக் கொடுத்தாள். அவள் ஒரு மூட்டை கிழங்கு தூக்கினதில்லை. காதுகுத்தில் பெரியப்பா மகன் கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான்.

அவளை, அந்தக் கொட்டகையில் உரித்தவளை, ஆத்தூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். அவள் மகள் சேலத்தில் நர்சிங் படிக்கிறாளாம். "கத்திய அவ கையில நான் கொடுத்ததே இல்ல" என்றாள், அவ்வளவு அழுத்தமாக. தோலைப் பார்த்தால் இன்னும் சொல்வாயா என்று கேட்டேன். "சொல்லுவேன். யாரு கேக்கறா?"

அதனால் இந்த வருஷம் கேட்டோம். கிழங்கு பிடுங்கும் முன்னால் முள்ளுவாடி, வெள்ளைத் தாய்லாந்து என்ற இரண்டு மரவள்ளி ரகத்திலும் சில செடிகளை எடுத்து அவள் முன்னால் போட்டோம். அப்பா தடியூன்றிப் பக்கத்தில் நின்றார். அவள் உடைத்தாள், முகர்ந்தாள், நாரை இழுத்துப் பார்த்தாள், வடக்கு மூலைக் கிழங்கில் நார் ஏறியிருக்கிறது, அங்கே தண்ணீர் பத்தவில்லை, தெற்கே தண்ணீர் நின்று அழுகல் தொடங்கிவிட்டது, அதை முதலில் பிடுங்குங்கள் என்றாள். அப்பா வாய்க்காலை எங்கே திருப்பலாம் என்று அவளிடமே கேட்டார், அவளும் காட்டினாள். கூலி எவ்வளவு என்று கேட்டதற்கு அவள் சொன்ன தொகை கிழங்கு பிடுங்கும் நாள் கூலியைவிட அதிகம். அப்பா நிமிர்ந்து பார்த்தார். "புடுங்கறதுக்குன்னா அந்தக் கூலி. பாக்கறதுக்குத் தனி" என்றாள். மடியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, அடுத்த வருஷம் குச்சி எடுக்கும்போதும் வந்து பார்க்கச் சொன்னார் அப்பா.